லண்டனில் ஒரு வீடு, மாம்பலத்தில் ஒரு ஃப்ளாட்: இரண்டு நாட்டுச் சொத்துக்கு எக்ஸிகியூட்டர் ஆனவர்களுக்கு

உயிலில் உங்கள் பெயரை எக்ஸிகியூட்டராக, அதாவது இறந்தவரின் கடனை அடைத்து உயிலின்படி சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் "நீதான் பொறுப்பா பார்த்துக்கணும்" என்பார்கள், மீதிப் பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரண்டுமே பழகிவிடும். பழகாதது பேப்பர் வேலை. அதிலும் சொத்து இரண்டு நாட்டில் இருந்தால், ஒரு நாட்டில் செய்த காரியம் அடுத்த நாட்டில் போய் இடிக்கும். சட்டம் தெரியாமல் மாட்டுகிறவர்களைவிட எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தெரியாமல் மாட்டுகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். அதனால் இந்தக் கட்டுரை வரிசையைப் பற்றியது.

எடுத்துக்கொள்ளும் கேஸ் நம்மவர்களிடம் அடிக்கடி வருவதுதான். அப்பா இங்கிலாந்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, ஈஸ்ட் ஹாமில் வீடு வாங்கி, அங்கேயே காலமாகிவிட்டார். சென்னை மாம்பலத்தில் ஒரு ஃப்ளாட், கும்பகோணம் பக்கம் கொஞ்சம் நிலம், இந்திய வங்கியில் என்ஆர்ஓ டெபாசிட் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு), சில மியூச்சுவல் ஃபண்டுகள். பிள்ளைகளில் ஒருவர் லண்டனில், ஒருவர் சென்னையில். லண்டனில் இருப்பவர் எக்ஸிகியூட்டர். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு. இந்தியப் பக்கத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பம் என்று வைத்துக்கொள்கிறேன். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு மாறும், மற்ற வேலைகள் ஏறக்குறைய இதேதான்.

பொறுப்பை ஏற்பதா வேண்டாமா

உயிலில் பெயர் இருப்பதாலேயே நீங்கள் மாட்டிக்கொண்டதாக அர்த்தம் இல்லை. இங்கிலாந்தில் பிஏ15 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டு விலகிவிடலாம். ஆனால் சொத்தில் கை வைப்பதற்கு முன்னால் விலக வேண்டும். அப்பாவின் கணக்கிலிருந்து பணம் எடுத்து யாருக்காவது கடன் அடைத்துவிட்டு, காரை விற்றுவிட்டு, அப்புறம் "எனக்கு வேண்டாம்" என்றால் எடுபடாது. ஈமச்சடங்குக்கு ஏற்பாடு செய்வது, வீட்டைப் பூட்டிப் பாதுகாப்பது இதில் சேராது, தாராளமாகச் செய்யலாம். இரண்டு பேரை எக்ஸிகியூட்டராகப் போட்டிருந்தால் ஒருவர் முன்னே நின்று செய்ய, இன்னொருவர் தன் உரிமையை நிறுத்திவைத்துக்கொள்ளலாம். சென்னையில் இருக்கும் தங்கை ஒவ்வொரு லண்டன் பேப்பரிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பதால் இது நல்ல வழி.

ஏற்றுக்கொள்வதற்கு முன் ஒன்று தெரிந்திருக்கட்டும்: கடன், வரி எல்லாம் கட்டி முடிக்காமல் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பிறகு பாக்கி வந்து நின்றால் எக்ஸிகியூட்டர் சொந்தக் காசிலிருந்து கொடுக்க வேண்டி வரும்.

இறப்புப் பதிவு, கூடவே பெயர்க் குழப்பம்

இறப்பைப் பதிவு செய்ய ஐந்து நாள் அவகாசம். சான்றிதழ் ஒரு பிரதி 12.50 பவுண்டு. நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் குறைந்தது இரண்டு பிரதியைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும், அங்கே போனது திரும்பி வராது. அரசுத் துறைகளுக்கு ஒரே தடவையில் தகவல் சொல்லும் 'டெல் அஸ் ஒன்ஸ்' சேவைக்குப் பதிவாளரே எண் கொடுப்பார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. பெயர். பத்திரத்தில் "சுப்பையா குமாரர் சு. ராமநாதன்" என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியலை விரித்து "சுப்பையா ராமநாதன்". பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் ராமநாதன் முதல் பெயர், சுப்பையா குடும்பப் பெயர். லண்டன் வங்கியில் "மிஸ்டர் ஆர் சுப்பையா". மியூச்சுவல் ஃபண்டில் வெறும் "ராமநாதன் எஸ்". நமக்கு எல்லாம் ஒரே அப்பாதான். மயிலாப்பூர் வங்கிக் கிளையில் உட்கார்ந்திருப்பவருக்கு இவர்கள் நாலைந்து ஆட்கள், அதில் ஒருவருக்குத்தான் இறப்புச் சான்றிதழ் இருக்கிறது.

ஆகவே பதிவாளரிடம் போவதற்கு முன்பே அப்பாவின் பெயர் எங்கெங்கே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வேறு பெயராலும் அறியப்பட்டவர் என்று பதிவிலேயே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று, அதற்கான விண்ணப்பத்திலும் வேறு பெயரில் சொத்து இருக்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. அங்கே பத்திரத்தில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். இந்த இரண்டு இடத்திலும் பெயர் ஏறிவிட்டால் சென்னையில் "இருவரும் ஒருவரே" என்று அஃபிடவிட் போட்டுப் போட்டு அலைவது பெருமளவு குறையும்.

உயிலைத் தேடுங்கள், பின்னைக் கழற்றாதீர்கள்

உயில் வக்கீலிடம் இருக்கலாம், வங்கி லாக்கரில் இருக்கலாம், மாம்பலம் வீட்டு பீரோவில் பத்திரங்களோடு சேர்ந்து இருக்கலாம். கிடைத்ததும் எல்லோரும் செய்யும் முதல் காரியம் பின்னைப் பிடுங்கி ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. வேண்டாம். லண்டன் புரோபேட் அலுவலகத்தில் பின் ஓட்டை தள்ளி இருந்தாலோ, கிளிப் தடம் தெரிந்தாலோ, "இதனோடு வேறு தாள் இணைந்திருந்ததா, அது எங்கே?" என்று கேட்பார்கள், அதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கழற்றாமல், அப்படியே பிடித்துக்கொண்டு போனில் படம் எடுங்கள், போதும்.

இன்னொரு விஷயம், பலர் இதை யோசிப்பதே இல்லை: லண்டனில் புரோபேட்டுக்குக் கொடுக்கும் மூல உயில் திரும்பி வராது. அது அங்கேயே ஆவணமாகிவிடும். இரண்டு நாட்டுச் சொத்துக்கும் ஒரே உயில்தான் என்றால் சென்னையில் காட்ட உங்கள் கையில் மூலம் இருக்காது. அதற்கும் வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

உயில் இரண்டு கிடைத்தால் தேதியைப் பாருங்கள், பிறகு முதல் பத்தியைப் பாருங்கள். லண்டன் வக்கீல்கள் எழுதும் உயில் பெரும்பாலும் "இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்றுதான் தொடங்கும். அப்பா 2010இல் சென்னையில் ஃப்ளாட்டுக்கென்று தனி உயில் எழுதி, 2018இல் லண்டனில் இன்னொன்று எழுதியிருந்தால், இரண்டாவது முதலாவதைக் கொன்றிருக்க வாய்ப்பு அதிகம். லண்டன் உயிலில் "இங்கிலாந்துச் சொத்துக்கு மட்டும்" என்ற சொல் இருந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் குடும்பத்தில் யாரிடமும் எதுவும் வாக்குக் கொடுக்காமல் முதலில் வக்கீலிடம் காட்டுங்கள். இன்னொரு வித்தியாசம்: இங்கிலாந்துச் சட்டப்படி உயில் எழுதிய பிறகு திருமணம் செய்துகொண்டால், அந்தத் திருமணத்தை எதிர்பார்த்து எழுதியது என்று உயிலில் இல்லாத வரை, பழைய உயில் செல்லாது, இந்தியாவில் இந்துக்களுக்கு அப்படி இல்லை. இரண்டாம் கல்யாணம் நடந்த குடும்பங்களில் இது பெரிய விஷயம்.

சாட்சிகளையும் தேடத் தொடங்குங்கள். இரண்டு நாட்டிலுமே உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். உயிலை நேரடியாக இந்தியாவில் நிரூபிப்பதாக இருந்தால் குறைந்தது ஒரு சாட்சியாவது வந்து சொல்ல வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்ட பக்கத்து ஃப்ளாட் மாமா இப்போது எங்கே இருக்கிறார் என்று அப்பாவின் நண்பர்களிடம் விசாரியுங்கள்.

உயிலே இல்லை என்றால்

அப்போது நீங்கள் எக்ஸிகியூட்டர் இல்லை, அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகி. வேலை ஒன்றுதான், பங்கு மட்டும் நீங்கள் தீர்மானிப்பதல்ல. வீடு, நிலம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டப்படிதான் போகும். ஈஸ்ட் ஹாம் வீடு அப்பா பெயரில் மட்டும் இருந்தால் இங்கிலாந்துச் சட்டப்படி, 2023 ஜூலை 26 முதல் உள்ள கணக்கில், அம்மாவுக்கு முதல் 3,22,000 பவுண்டும் வீட்டுச் சாமான்களும், மிஞ்சியதில் பாதியும். மறு பாதி பிள்ளைகளுக்கு. மாம்பலம் ஃப்ளாட் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு. அதோடு, அப்பாவின் அம்மா, அதாவது பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. லண்டன் வீட்டில் பாட்டிக்கு ஒன்றும் கிடையாது, மாம்பலத்தில் பிள்ளைகளுக்குச் சமமாக உண்டு. பாட்டியும் பிறகு காலமாகிவிட்டால் அவருடைய பங்கு அத்தை, சித்தப்பா என்று பிரிந்துபோகும். இதைச் சொல்லாமல் ஃப்ளாட்டை விற்க முயன்று, வாங்குகிறவரின் வக்கீல் கண்டுபிடித்து நிறுத்துவது சர்வ சாதாரணம்.

கூட்டுப் பெயரிலும் இப்படி ஒரு முரண் உண்டு. லண்டனில் அப்பா, அம்மா இருவரும் 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' என்று வீடு வாங்கியிருந்தால் உயிலில் என்ன இருந்தாலும் வீடு தானாக அம்மாவுக்குப் போய்விடும். சென்னையில் கிரயப் பத்திரத்தில் இரண்டு பெயர் இருப்பதால் மட்டும் அப்படிப் போகாது. அப்பாவின் பாதி அவருடைய வாரிசுகளுக்கு. "ஜாயின்ட் பெயர்தானே, அம்மாவோடதுதான்" என்று லண்டன் பழக்கத்தில் பேசிவிடாதீர்கள்.

பட்டியல் போடுவதும் லண்டன் வரியும்

இறந்த நாள் அன்று எதன் மதிப்பு எவ்வளவு. இந்த ஒரே தேதியை வைத்து இரண்டு நாட்டுப் பட்டியலையும் போடுங்கள். சென்னை ஃப்ளாட்டுக்கு வழிகாட்டி மதிப்பைப் போட்டால் போதாது, லண்டன் வரி அலுவலகமான எச்எம்ஆர்சிக்குச் சந்தை மதிப்பு வேண்டும். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அந்தத் தேதிக்கு அறிக்கை வாங்கி, அன்றைய மாற்று விகிதத்தில் பவுண்டாக்குங்கள். மறந்துபோன டெபாசிட் இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் தேடலாம். பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட்டுகள் அதில் தெரியும். பழைய ஃபண்டுகளுக்கு மித்ரா என்று ஒரு தேடும் வசதி இருக்கிறது.

"இந்தியச் சொத்தை லண்டனில் எதற்குக் காட்டணும்?" என்று யாராவது ஒரு மாமா கேட்பார். 2025 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் கணக்கு இதுதான்: இறப்பதற்கு முந்தைய 20 வரியாண்டுகளில் 10 ஆண்டாவது அங்கே வசித்தவர் என்றால் உலகம் முழுக்க உள்ள சொத்துக்கு வாரிசு வரி. முதல் 3,25,000 பவுண்டுக்கு வரி இல்லை. குடியிருந்த வீடு பிள்ளைகளுக்குப் போனால் இன்னும் 1,75,000 வரை சேர்த்துக்கொள்ளலாம், சொத்து 20 லட்சம் பவுண்டைத் தாண்டாத வரை. அதற்கு மேல் 40 சதவீதம். கணவன் மனைவிக்குள் போவதற்குப் பொதுவாக வரி கிடையாது, முதலில் இறந்தவர் பயன்படுத்தாத வரம்பு அடுத்தவருக்கு வந்து சேரும். இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே எஸ்டேட் வரி பற்றி 1956ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்பாவின் நிரந்தர இருப்பிடம் சட்டப்படி இந்தியாதான் என்று நிறுவ முடிந்தால் அது பெரிய தொகையை மிச்சப்படுத்தலாம். முப்பது வருடம் லண்டனிலேயே இருந்து பிரிட்டிஷ் குடியுரிமையும் வாங்கியவர் விஷயத்தில் நிறுவுவது கஷ்டம். ஆனாலும், ஓய்வுக்குப் பின் ஊரோடு போய்விடுவதே திட்டமாக இருந்தவர் என்றால் வரி ஆலோசகரிடம் கேட்காமல் விடாதீர்கள்.

மறைப்பது பற்றி: இரண்டு நாடுகளும் வங்கிக் கணக்குத் தகவலைத் தானாகப் பரிமாறிக்கொள்கின்றன. என்ஆர்ஓ டெபாசிட் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். அதைவிடச் சங்கடம், மாம்பலம் ஃப்ளாட்டின் வாடகையை அப்பா லண்டன் வரிக் கணக்கில் காட்டவே இல்லை என்பது பேப்பரைப் புரட்டும்போது தெரியவருவது. நிறைய வீட்டில் இது நடக்கும். இப்போது அது உங்கள் தலையில் இருக்கிறது. எச்எம்ஆர்சியிடம் வெளிநாட்டு வருமானத்தைத் தானாக முன்வந்து சொல்வதற்கென்றே தனி வசதி உண்டு. அவர்கள் கடிதம் போடுவதற்கு முன் நீங்கள் போனால் அபராதம் குறையும்.

வரிக் கணக்கு ஐஎச்டி400 படிவத்தில், வெளிநாட்டுச் சொத்து அதனோடு சேரும் ஐஎச்டி417இல். படிவத்துக்கு 12 மாதம் அவகாசம் இருந்தாலும் வரியை, இறந்த மாதம் முடிந்து ஆறாவது மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும், பிறகு வட்டி ஓடும். புரோபேட் வராமல் கணக்கில் பணம் எடுக்க முடியாது, வரி கட்டாமல் புரோபேட் வராது. இந்தச் சிக்கலுக்கு விடை, லண்டன் வங்கியே அப்பாவின் கணக்கிலிருந்து எச்எம்ஆர்சிக்கு நேராக அனுப்பும் முறை, ஐஎச்டி423 படிவம். வீடு, நிலத்துக்கான வரியை வட்டியோடு பத்து ஆண்டுத் தவணையில் கட்டலாம். சென்னை டெபாசிட்டை உடைத்து லண்டன் வரியைக் கட்டிவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள், அந்தப் பணம் அந்த நேரத்துக்கு வரவே வராது.

லண்டன் புரோபேட்

இது கட்டுரையிலேயே எளிதான பகுதி. உயில் இருந்தால் பிஏ1பி படிவம், உயில் இல்லாவிட்டால் பிஏ1ஏ. படிவத்துக்குப் பதில் ஆன்லைனிலேயேயும் விண்ணப்பிக்கலாம். சொத்து 5,000 பவுண்டுக்கு மேல் என்றால் கட்டணம் 300 பவுண்டு. ஐஎச்டி400 அனுப்பியிருந்தால் எச்எம்ஆர்சி கோட் அனுப்பும்வரை, சுமார் 20 வேலை நாள், காத்திருந்து அப்புறம் விண்ணப்பியுங்கள். ஒரு குடும்பத்தில் சண்டை சச்சரவு இல்லை, வீடு ஒன்று, வங்கி இரண்டு என்றால் வக்கீல் இல்லாமலே செய்யலாம் என்பது என் கருத்து. மொத்தச் சொத்தில் சதவீதம் கேட்பவர்களிடம் போகாதீர்கள், மணிக் கணக்கிலோ மொத்தத் தொகையாகவோ பேசுபவரைப் பாருங்கள்.

காலி வீட்டுக்கு இன்சூரன்ஸ் மட்டும் உடனே கவனியுங்கள். பல பாலிசிகள் 30 நாளுக்கு மேல் ஆள் இல்லாத வீட்டுக்கு முழுப் பாதுகாப்புத் தருவதில்லை, குளிர்காலத்தில் குழாய் வெடித்தால் அந்த ஷரத்து அப்போதுதான் தெரியவரும்.

புரோபேட் கைக்கு வந்ததும், உயிலின் நகலோடு சேர்த்து நீதிமன்ற முத்திரையிட்ட சான்றுப் பிரதிகள் கேட்டு வாங்குங்கள். அவற்றையும் இறப்புச் சான்றிதழையும் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் ஏற்கப்படும் ஒட்டுச்சான்று) செய்யுங்கள். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது, அந்த ஒட்டுச்சான்று போதும்.

சென்னைப் பக்கம்

லண்டன் புரோபேட்டை அப்படியே சார்பதிவாளர் அலுவலகத்தில் நீட்டினால் வேலை நடக்காது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 228தான் நான் மேலே சொன்ன வழி: வெளிநாட்டு நீதிமன்றத்தில் நிரூபித்து ஒப்படைத்த உயிலின் முறையான சான்றுப் பிரதியைக் காட்டினால், அதை இணைத்து இங்கே லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், தருவார்கள். மாம்பலம் என்றால் சென்னை உயர் நீதிமன்றம். நீங்கள் வர முடியாவிட்டால் பிரிவு 241 இருக்கிறது, உங்கள் பவர் ஏஜென்ட் பெயரில் வாங்கலாம். யாராவது ஆட்சேபித்தால் மனு வழக்காக மாறிவிடும், அப்புறம் வருடக் கணக்கு. அதனால் தங்கையின் சம்மதக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

இதில் அண்மையில் ஒரு மாற்றம். சென்னை நகரச் சொத்துக்கு உயில் இருந்தால் புரோபேட் கட்டாயம் என்று சொன்ன பிரிவு 213ஐ 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. சென்னை நகரத்துக்கு வெளியே எழுதிய உயில் என்றால் கும்பகோணத்து நிலத்துக்கு இந்தக் கட்டாயம் முன்பும் இல்லை. ஆக இப்போது புரோபேட் இல்லாமலே உயிலை வைத்துப் பட்டா, சொத்து வரி பெயர் மாற்றம் கேட்கலாம். நடைமுறையில் என்ன ஆகும் என்றால், மூல உயில் லண்டனில் மாட்டிக்கொண்ட கேஸில் சென்னையில் காட்ட ஒன்றும் இருக்காது. வாங்குகிறவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் நீதிமன்றப் பேப்பர் இருந்தால்தான் நிம்மதியாக இருக்கும். விற்பதாக இருந்தால் 228 வழியாகவே போய்விடுங்கள் என்பேன். தங்கையே வைத்துக்கொண்டு குடியிருக்கப் போகிறார், எல்லோரும் சம்மதம் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

பவர் பத்திரம் பற்றி. அப்பா உயிரோடு இருந்தபோது சித்தப்பாவுக்குக் கொடுத்த பவர், அப்பா போன அன்றே செத்துவிட்டது. அதை வைத்து வாடகை ஒப்பந்தமோ விற்பனையோ செய்தால் பின்னால் எல்லாம் கேள்விக்குள்ளாகும்; சித்தப்பாவிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். புதிய பவரை இந்தியத் தூதரகம் வழியாகவோ, நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அப்போஸ்டில் செய்தோ அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அட்ஜுடிகேஷன் என்பார்கள். கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. பவரில் "எல்லாம் செய்யலாம்" என்று எழுதுவதைவிட எந்தச் சர்வே எண், எந்த ஃப்ளாட், விற்கலாமா, பணம் வாங்கலாமா என்று பிரித்து எழுதுங்கள். விற்பனைப் பணத்தை வாங்கும் உரிமையை மட்டும் நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கமாட்டேன், அது நேராக வாரிசுகள் கணக்கில் விழட்டும்.

பத்திரங்களில் மூலப் பத்திரம், தாய்ப் பத்திரம், அப்பா வாங்கியதிலிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை எல்லாம் ஒரே இடத்தில் சேரட்டும். வில்லங்கம் பதிவுத் துறைத் தளத்திலேயே எடுக்கலாம். கும்பகோணம் நிலம் பூர்வீகம் என்றால் அப்பா உயிலில் எழுதக்கூடியது தன் பங்கை மட்டும்தான். தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால் அந்தக் கதையை முதலில் முடிக்க வேண்டும். விவசாய நிலத்தை வெளிநாட்டு இந்தியர் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாகப் பெறலாம், விற்கும்போது இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டும் விற்கலாம். தங்கைக்கே விட்டுக்கொடுப்பதென்றால் விடுதலைப் பத்திரம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை குறைவு, உச்சவரம்பும் உண்டு.

வங்கி, ஃபண்டு, நாமினி

நாமினியாக யார் பெயர் இருந்தாலும் பணம் அவருக்குச் சொந்தம் என்று ஆகிவிடாது. வாங்கி வைத்திருந்து உரியவர்களுக்குக் கொடுக்க வேண்டியவர் அவர். பங்குகள் விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதையே சொல்லிவிட்டது. நாமினி இருந்தால் வங்கி புரோபேட் கேட்கக் கூடாது. நாமினி இல்லாமல், தகராறும் இல்லாமல் 15 லட்சம் ரூபாய் வரை என்றால் வணிக வங்கிகள் எளிய முறையில் கொடுக்க வேண்டும். ஆவணங்கள் முழுதாகக் கொடுத்த 15 நாளில் முடிக்க வேண்டும், தாமதித்தால் பேங்க் ரேட்டோடு (ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதம்) நாலு சதவீதம் சேர்த்து வட்டி. இவை ரிசர்வ் வங்கியின் 2025ஆம் ஆண்டு விதிகள். கிளையில் தெரியாத மாதிரி பேசினால் விதியின் பிரதியை எடுத்துக்கொண்டு போங்கள், எழுத்தில் ரசீது வாங்குங்கள். உயில் இல்லாமல் தொகை பெரிதாக இருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் சக்ஸஷன் சர்டிஃபிகேட். இது டெபாசிட், பங்கு போன்றவற்றுக்கு மட்டும், வீட்டுக்கு உதவாது. தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும்.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசுக்குச் சொந்தமாக பான், என்ஆர்ஓ கணக்கு இரண்டும் வேண்டும். இதை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

விற்பதும் பணத்தைக் கொண்டுபோவதும்

இந்தியாவில் 1985இலேயே எஸ்டேட் வரியை ஒழித்துவிட்டார்கள். வாரிசாகப் பெறுவதற்கு வரி இல்லை, விற்றால் உண்டு. இங்கேதான் இரண்டு நாட்டுக் கணக்கும் ஒன்றை ஒன்று பார்க்காமல் ஓடுகிறது. லண்டன் கணக்கில் உங்களுக்கு ஃப்ளாட்டின் விலை அப்பா இறந்த நாள் மதிப்பு. இந்தியக் கணக்கில் அப்பா வாங்கிய விலை. 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியிருந்தால் அன்றைய மதிப்பை, வழிகாட்டி மதிப்புக்கு மிகாமல், எடுக்கலாம். லண்டனில் ஏற்கெனவே வாரிசு வரி கட்டிய அதே ஃப்ளாட்டுக்கு இந்தியாவில் மூலதன ஆதாய வரியும் வரும், ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்ள முடியாது. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், வெளிநாட்டில் வசிப்பவருக்கு இண்டெக்சேஷன், அதாவது விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வாங்கிய விலையைக் கூட்டிக்கொள்ளும் சலுகை, கிடையாது.

வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால், வாங்குகிறவர் ஆதாயத்துக்கு மட்டும் என்றில்லாமல் விலை முழுவதற்கும் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே கழித்துக் கட்டும் வரி, பிடிப்பார். 1.2 கோடிக்கு விற்றால் சர்சார்ஜ், செஸ் சேர்க்காமலே 15 லட்சம். குறைத்துப் பிடிக்க வருமான வரித் துறையில் முன்கூட்டியே சான்று வாங்கலாம்; அட்வான்ஸ் வாங்கிய உடனே ஆடிட்டர் விண்ணப்பித்துவிட வேண்டும், பதிவு நாளுக்கு முந்தைய வாரம் யோசித்தால் நடக்காது. அப்பாவின் கடைசி வருமான வரிக் கணக்கையும் வாரிசாகப் பதிவு செய்து நீங்கள்தான் தாக்கல் செய்ய வேண்டும்.

என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் ஒருவர் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். வங்கி, ஆடிட்டர் சான்று கேட்கும். 15சிஏ, 15சிபி என்று எல்லோரும் சொல்லும் படிவங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் படிவத்தின் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஆடிட்டர் தருவதை வாங்குங்கள். தொகை பெரிது என்றால் பாதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் அனுப்பினால் இரண்டு வருட வரம்பு கிடைக்கும்.

பங்கு கொடுப்பதற்கு முன்

லண்டனில் கடன்காரர்களுக்கு அறிவிப்பு: 'லண்டன் கெஜட்'டிலும், வீடு இருந்தால் உள்ளூர்ப் பத்திரிகையிலும் போட்டு இரண்டு மாதம் பொறுங்கள். அதற்குப் பிறகு யாராவது தெரியாத கடனோடு வந்தால் நீங்கள் சொந்தப் பணத்தில் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வருடம் வரை பிரித்துக் கொடுக்கும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தங்கை வீட்டுக்காரர் போனில் எவ்வளவு கேட்டாலும் எச்எம்ஆர்சி கணக்கை முடித்ததாகச் சொல்லும்வரை மொத்தத்தையும் கொடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

லண்டன் பணத்தைச் சென்னைத் தங்கைக்கு அனுப்ப உச்சவரம்பு இல்லை, வாரிசுரிமைப் பணம் என்று வங்கியில் சொன்னால் போதும். ஆனால் ஈஸ்ட் ஹாம் வீட்டில் அவருக்குப் பாதி பங்கு எழுதிவைத்தால், இந்தியாவில் வசிக்கும் அவர் அதை ஒவ்வொரு வருடமும் வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். வீட்டைப் பெயர் மாற்றாமல் எக்ஸிகியூட்டராகவே விற்றுப் பணமாகக் கொடுத்தால் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் கையெழுத்துக் குறைவு.

வரவு செலவை முதல் நாளிலிருந்து ஒரே தாளில், பவுண்டு ஒரு பக்கம் ரூபாய் ஒரு பக்கம், தேதியோடு எழுதுங்கள். பூஜைக்குக் கொடுத்தது, வாட்ச்மேனுக்குக் கொடுத்தது எல்லாம். கடைசியில் அதை வாரிசுகள் எல்லோரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகே கடைசித் தொகையை அனுப்புங்கள்.

அப்பாவிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தால் அதை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதன் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள், சென்னையில் யாராவது இன்னும் ஒரு தடவை கேட்பார்கள்.